இருபத்தைந்து நிமிட ஆயில்யம்

என் மனைவியை முதன்முதலில் நான் ஒரு புகைப்படத்தில்தான் பார்த்தேன். பார்த்தேன் என்று நான் சொல்வதை அவள் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை. தரகர் கொண்டுவந்து கொடுத்த படம் அது. சிதம்பரத்து வீட்டுக் கூடத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். அவள் தலைக்கு மேலே, கொஞ்சம் வலது பக்கமாக, ஒரு பெண்டுலம் கடிகாரம் மாட்டியிருந்தது. வளைந்த மரக்கூடு, கண்ணாடிக் கதவு, ரோமன் எண்கள். படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துவிட்டு, தரகரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, "இது ஓடுதா?"

தரகர் வாயில் எது நின்றது? கேள்வி மறுநாளே சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமனார் சிரித்துவிட்டு, பையன் விவரமானவன் என்றாராம். அவர் மகள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகும் எப்படித்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள் என்று கேட்டால், பதிலுக்கு என்னை ஒரு கேள்வி கேட்பாள்: "அந்தப் போட்டோல நான் கட்டியிருந்த பொடவ என்ன கலர்?" இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கலர் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாள் பூராவும் சொட்டுச் சொட்டாக அளப்பது என் பிழைப்பு. கடலூர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் பழைய கடிகாரங்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்றால், அந்த வீட்டுக்காரருக்குச் சொந்தக்காரர்கள் ஞாபகம் வருவதற்கு முன்னால் எனக்குத் தகவல் வந்துவிடும். அப்படிச் சேர்ந்தவை பதினேழு. எல்லாமே சாவி கொடுத்து ஓடுபவை. பதினேழும் ஒரே நேரத்தில் மணியடித்ததாகச் சரித்திரம் கிடையாது. எங்கள் வீட்டில் மதியம் பன்னிரண்டு மணி அடித்து முடியக் கால் மணி நேரம் ஆகும். வந்த விருந்தாளி பேச்சை நிறுத்திவிட்டு, முடிந்ததா முடிந்ததா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். என் மனைவி அவருக்கு இன்னொரு காபி போடப் போவாள்.

சுவரில் இனி ஆணி அடித்தால் நான் எங்கம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று ஒருநாள் அவள் சொன்னாள். சிதம்பரம் ஒரு மணி நேரத்துப் பயணம்தான், ஆனாலும் பயந்துவிட்டேன். அன்றிலிருந்து கடிகாரங்களை விட்டுவிட்டு, கடிகாரங்கள் இருக்கிற பழைய புகைப்படங்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். ஆல்பத்துக்கு ஆணி வேண்டாமே.

இதைப்போல ஒரு ருசி வேறு எதிலும் இல்லை. கடலூரில் முன்பு இருந்த ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படங்கள் மட்டும் என்னிடம் பதினொன்று இருக்கின்றன. பதினொன்றிலும் அதே மேஜைக் கடிகாரம், பதினொன்றிலும் மணி பத்து பத்து. புது மாப்பிள்ளை பெண், பட்டாளத்துக்குப் போகிறவர், மொட்டையடித்த குழந்தை, எல்லோரும் அந்த ஒரே நிமிஷத்தில்தான் போய் நின்றிருக்கிறார்கள். அந்தக் கடிகாரத்துக்குள் இயந்திரமே இருந்திருக்காது என்பது என் துணிபு. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் குறிப்பு எழுதுவேன். எந்த வகை, எத்தனை நாள் ஓட்டம், நாலாம் எண்ணை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம். ஆட்களைப் பற்றி எழுதுவதில்லை. யாரென்று தெரியாமல் என்ன எழுத? ஆளுங்களைக் கொஞ்சம் நகரச் சொல்லியிருந்தால் கடிகாரம் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும், இல்லையா என்று என் மனைவி அக்கறையாக விசாரிப்பாள்.

சரி, அந்தச் சிதம்பரத்துக் கடிகாரத்துக்கு வருகிறேன். அது ஓடியது. ஓடியது என்ன, இருபத்தைந்து நிமிஷம் முன்னால் ஓடியது. மாமனாருக்குக் கடலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. தினமும் காலை பாசஞ்சரைப் பிடித்தாக வேண்டும். அதற்காக மாமியார் தனக்குக் கல்யாணமான புதிதிலேயே கடிகாரத்தை இருபத்தைந்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் சாவி கொடுக்கும்போது ரேடியோவைக் கேட்டு, சரியாக இருபத்தைந்து நிமிஷம் தப்பாக வைப்பார். அந்த வீட்டில் எல்லோருக்கும் கழித்தல் கணக்கு நன்றாக வரும். என் மனைவி இப்போதும் யார் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாலும் ஒரு கணம் கண்ணைச் சுருக்குவாள். மனசுக்குள் கழிக்கிறாள் என்று அர்த்தம். மாமனார் காலமாகி ஐந்து வருஷம் ஆகிறது. பாசஞ்சர் பிடிக்க அந்த வீட்டில் ஆளில்லை. நான் எத்தனையோ தடவை சரியான நேரம் வைத்துத் தருகிறேன் என்று கேட்டுவிட்டேன். ஓடுவதை ஏன் மாப்பிள்ளை தொடுகிறீர்கள் என்று மாமியார் முடித்துவிடுவார்.

போன வருஷம் வரைக்கும் அந்த வீட்டில் மாமியாரும் என் கொழுந்தியாளும்தான். கொழுந்தியாள் அங்கேயே ஒரு கல்லூரியில் நூலகர். வயது நாற்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, விடவில்லை என்று சொல்ல வேண்டும். அவள் ஜாதகத்தில் நட்சத்திரம் ஆயில்யம், முதல் பாதம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று யாரோ எந்தக் காலத்திலோ கிளப்பிவிட்டது. எனக்குக் கல்யாணமானபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு வந்த வரன்கள் எல்லாம் எனக்குத் தெரிந்து வந்தவைதான். நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைக்காரர் ஒருவர் வந்தார், பாண்டியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பெண்ணைப் பார்ப்பார்கள், கேசரி நன்றாயிருக்கிறது என்பார்கள், ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளையின் அம்மா இருக்கிற வீடு ஒன்றிலிருந்தும் பதில் வராது. முப்பத்து மூன்று வயதுக்குப் பிறகு, இனிமேல் கேசரி கிண்ட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

போன வருஷம் ஒருநாள் அக்காவுக்குப் போன் செய்தாள். அதே கல்லூரியில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் அவளைக் கேட்டிருக்கிறார். கடலூர்க்காரர், தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர், தங்கைகளுக்கெல்லாம் முடித்துவிட்டுத் தனக்கு மறந்துபோனவர். தனக்கும் சரியென்று தோன்றுகிறது என்று கொழுந்தியாள் சொன்னாளாம். என் மனைவி போனை வைத்துவிட்டு வந்து என்னிடம் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நாங்கள் கேட்டதேயில்லை.

ஆனால் அவருக்கு எண்பது தாண்டிய அம்மா இருந்தார். பெண் என்ன நட்சத்திரம் என்று கேட்டார். மகன் பொய் சொல்லத் தெரியாதவர், சொல்லிவிட்டார். அந்த அம்மா, வேண்டாம்ப்பா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மகன் கொழுந்தியாளிடம் வந்து, ரிஜிஸ்டர் பண்ணிக்கொள்ளலாம், அம்மா போகப்போகச் சரியாகிவிடுவார் என்றிருக்கிறார். அவள் கேட்கவில்லை. என் மனைவியிடம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தம்மா வாசல்ல நின்னு வான்னு சொல்லணும்க்கா. இல்லாட்டி நான் இங்கயே இருந்துக்கறேன்."

இரண்டு நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று அந்த எண்ணம் வந்தது. நுரையோடு ஓடிவந்து மனைவியிடம் கேட்டேன்: "உன் தங்கச்சி பொறந்த நேரத்த எந்தக் கடிகாரத்தப் பாத்து எழுதுனாங்க?"

முதலில் அவள், இந்த நேரத்திலும் உங்களுக்குக் கடிகாரம்தானா என்று எரிந்து விழுந்தாள். பிறகு அவள் கண் சுருங்கியது. பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனோம். மாமியார் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், கொழுந்தியாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைப் பரிசோதிக்கத் தொடங்கினேன். மாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார், கடிகாரத்தைக் கொண்டுபோக அவர் சாகட்டும் என்றுதான் நான் காத்திருக்கிறேன் என்கிற மாதிரி. கீழே இறங்கி விஷயத்தைச் சொன்னேன். இரண்டாவது குழந்தை பிறந்த அன்றைக்கு நேரம் குறித்தது யார்?

வீட்டுக்கு வந்து பிரசவம் பார்த்த நர்சம்மா என்றார். வலி சீக்கிரமே வந்துவிட்டது. மாமனார் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பிடிக்க ஓடியிருந்தார். அவர் வண்டியோடு திரும்புவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. நர்சம்மா கூடத்துக்கு வந்து, நாள்காட்டித் தாளைக் கிழித்து, சுவரைப் பார்த்து, ஏழு நாற்பது என்று எழுதி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை அப்படியே ஜோசியரிடம் கொடுத்தார்.

"அதுல கழிச்சதா கழிக்காததா அத்தை?"

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். நர்சம்மா புதிதாக வந்தவள், அவளுக்குக் கழிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? மாமனாரோ, இந்த வீட்டுக் கூடத்தில் நின்று எழுதினால் யாரும் கழித்துத்தானே எழுதுவார்கள் என்று இருந்திருப்பார். அவரவர் பக்கம் அவரவர் சரி. நடுவில் இருபத்தைந்து நிமிஷம் நின்றுபோனது.

"புள்ள பொறந்து அழுவறப்ப அடுத்த வீட்டு ரேடியோல ஏழே கால் செய்தி ஆரம்பிச்சுது," என்றார் மாமியார். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அது வணக்கம் சொல்லுது, இது வீல்னு கத்துது."

நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்தோம். கொழுந்தியாள் துருவுவதை நிறுத்திவிட்டாள். ஏம்மா, இத்தனை வருஷத்தில் ஒருநாள் கூடவா சொல்லத் தோன்றவில்லை என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என்ன யாரும்மா கேட்டா? ஜோசியர் வந்தாரு, ஒங்கப்பா சீட்ட நீட்டுனாங்க. நான் உள்ள படுத்திருந்தேன். ஆயில்யம்னாங்க. படிச்சவங்க சொல்றாங்க, சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன். ரேடியோவையும் சீட்டையும் சேத்துப் பாக்க எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நர்சம்மா மேலா, ஜோசியர் மேலா, செத்துப்போன மாமனார் மேலா என்று தெரியவில்லை. பெற்றவளைத் தவிர ஊரில் எல்லோரையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கொழுந்தியாள் எழுந்துபோய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அரிந்த காயையெல்லாம் ஒன்றாகக் கூட்டி வைத்தாள்.

அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் மாமனாரின் மரப்பெட்டியிலேயே கிடந்தது. அன்றைக்குப் பூசம் காலை ஏழரை வரை, அதற்குமேல் ஆயில்யம். ஏழு நாற்பதென்றால் ஆயில்யம். ஏழே காலென்றால் பூசம். பூசத்தைப் பற்றி எந்த மாமியாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் இதைப் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? பெண்ணைப் பெற்றவள் நாற்பத்தைந்து வருஷம் கழித்து, கல்யாணம் தட்டுகிற நேரத்தில், ரேடியோ கேட்டது என்கிறாள். நான் மாப்பிள்ளை வீட்டுக்காரனாக இருந்தால் நானே சிரிப்பேன். அந்தக் காலத்திலும் கடிகாரம் இருபத்தைந்து நிமிஷம் முன்னால்தான் ஓடியது என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும்.

சாட்சி என் ஆல்பத்திலேயே இருந்தது. கல்யாணமான புதிதில் மாமனாரைக் கெஞ்சி நான் வாங்கிக்கொண்டு வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வாங்கின அன்றைக்குப் பார்த்ததோடு சரி. கடலூர் திரும்பியதும் தேடி எடுத்தேன். கூடத்துச் சுவரில் கடிகாரம், அதன் கீழே மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று மாதக் குழந்தையை மடியில் வைத்து இடது கையால் அணைத்துப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் மாமியார். ஓரத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு ஆறு வயதுப் பெண் முறைத்துக்கொண்டு நிற்கிறது. என் மனைவி படத்தைத் திருப்பிப் பின்னால் இருந்த என் குறிப்பை உரக்க வாசித்தாள். "சுவர்க் கடிகாரம். பெண்டுலம். எட்டு நாள் ஓட்டம். நான்காம் எண் நான்கு கோடுகளாக. கீழே சிலர்."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"சிலரா?" என்றாள். "அந்தச் சிலர்ல நான் ஒருத்திங்க."

ரப்பரைத் தேடினேன். கிடைக்கவில்லை.

மாமனாரின் இடது கையில் கைக்கடிகாரம் இருந்தது. குழந்தையை அணைத்திருந்ததால் அதன் முகம் நேராக வெளியே பார்த்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் படம் என்னிடம் இருக்கிறது. சுவரில் இருந்த கடிகாரத்தின் நாலாம் எண்ணைக்கூட எண்ணியிருக்கிறேன், கையில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் ஒரு கடையில் படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்து கணினியில் போட்டுப் பார்த்தோம். சுவரில் நாலு ஐம்பது. கையில் நாலு இருபத்தைந்து. சின்ன முள்ளும் பெரிய முள்ளும் தெளிவாக, பழுதில்லாமல். கடை என்றும் பார்க்காமல் நான் கத்திவிட்டேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் பைத்தியத்துக்கும் ஒரு பிரயோஜனம் இருக்கிறது என்று அவள் வாயால் சொன்னாள். அன்று நான் இருந்த மிதப்பைச் சொல்லி முடியாது. பதினெட்டாவது ஆணிக்கு அப்போதே அனுமதி கேட்டிருக்க வேண்டும், தவறவிட்டேன்.

சிதம்பரத்தில் மேல வீதிப் பக்கம் ஒரு ஜோசியரிடம் போய்ப் புதிதாக ஜாதகம் எழுதச் சொன்னோம். கதையைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்சமும் அசரவில்லை. இந்த ஊரில் பாதி வீட்டில் கடிகாரம் ஃபாஸ்ட், எத்தனை பேர் யார் யாருடைய ஜாதகத்தை வைத்துக்கொண்டு அலைகிறார்களோ என்று சொல்லிவிட்டு, பூசம் நாலாம் பாதம் என்று மஞ்சள் தடவிக் கொடுத்தார். கொழுந்தியாள் அதை வாங்கி ஒரு தடவை பார்த்தாள். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன். கடிகாரத்தைத் தவிர எதையும் சரியாகப் பார்க்கத் தெரியாதவன் நான் என்று என் மனைவி சும்மா சொல்வதில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் கடலூரில் அந்த ஆய்வகக்காரர் வீட்டுக்குப் போனோம். பெரிய கவர் ஒன்றில் புது ஜாதகம், பஞ்சாங்கம், பெரிதாக்கிய படம், ஒரு பூதக்கண்ணாடி எல்லாம் வைத்துக்கொண்டு போயிருந்தேன். எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். அந்த அம்மா ஒல்லியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் காபி கொண்டுவந்து கொடுத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கவரைப் பிரித்தேன்.

"மாமா, இருங்க," என்றாள் கொழுந்தியாள். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அந்தக் கவருக்குள்ள நான் பூசம். கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நாப்பத்தஞ்சு வருஷமா ஆயில்யமாத்தான் இருந்துட்டேன். அதச் சொல்லித்தான் எல்லாரும் திரும்பிப் போனாங்க. இப்ப இருபத்தஞ்சு நிமிஷத்தக் கழிச்சுட்டு இந்த வீட்டுக்குள்ள வர எனக்கு மனசு இல்ல. ஆயில்யமாவே வரலாமான்னு கேக்கத்தான் வந்தேன். வேணாம்னா சொல்லிடுங்க. காபியக் குடிச்சுட்டுப் போறேன்."

கவர் என் கையில் அப்படியே நின்றது. என் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா கொழுந்தியாளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நானும் ஆயில்யம்தான்," என்றார்.

மகன் தலையைத் தூக்கினார். அவருக்கே தெரியாத சேதி போலிருக்கிறது.

"எங்க மாமியாக்கு ஒண்ணும் ஆவல. தொண்ணூறு தாண்டி இருந்தா. ஆனா ஒரு தலவலி, ஒரு காய்ச்சல் வந்தாப் போதும், படுத்துகிட்டு என் மூஞ்சியத்தான் பாப்பா. வாயத் தொறந்து ஒரு சொல்லு சொல்ல மாட்டா. பாப்பா, அவ்ளோதான். முப்பது வருஷத்துக்கு மேல பாத்தா. கஞ்சி குடுக்கறப்பவும் பாப்பா, கால் புடிக்கறப்பவும் பாப்பா." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப எனக்கு ஒடம்புக்கு அடிக்கடி வருது. நானும் ஒன்ன அப்டிப் பாத்துடுவனோன்னு பயம் வந்துடுச்சு. அதான் வேணாம்னேன். ஒன்ன வேணாங்கல."

கொழுந்தியாள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பாத்தா பாருங்கம்மா. நானும் திருப்பிப் பாக்கறேன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லில்லாத வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எழுந்து வாசல்வரைக்கும் நடந்துபோய், நடையில் நின்று, வா என்றார். உள்ளே உட்கார்ந்திருந்தவள் வெளியே போய்ச் செருப்பை மாட்டி, மறுபடி கழற்றி, வலது காலை வைத்து உள்ளே வந்தாள். இத்தனைக்கும் நடுவில் நான் மெதுவாக, ஒரு நிமிஷம் அம்மா, இந்தப் போட்டோவில் பாருங்கள் என்று ஆரம்பித்தேன். என் மனைவி தொடையில் கிள்ளினாள். இரண்டு நாள் வலித்தது. அவ்வளவு நல்ல சாட்சியை இன்றுவரை அந்த வீட்டில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

தை மாதம் திருப்பாதிரிப்புலியூரில் கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் இப்போது ஒன்றாகவே பஸ் ஏறிச் சிதம்பரம் போய்வருகிறார்கள். மாமியாரும் மாதத்தில் பாதி நாள் எங்களோடு இருக்கிறார்.

ஐப்பசி மழையில் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நல்ல காய்ச்சல். கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொழுந்தியாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். நான் காலையில் டிபன் கேரியர் கொண்டுபோவேன். மூன்றாம் நாள் போனபோது அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"மூணு நாளா கண்ணத் தொறக்கல மாமா. கூப்பிட்டா உம்முங்கறாங்க. கஞ்சிய ஊட்டுனா முழுங்கறாங்க. கண்ணத் தொறந்து ஒரு தடவ பாக்க மாட்றாங்க. எனக்கு பயமா இருக்கு."

டாக்டர் வந்தால் திறப்பாராம், அவர் போனதும் மூடிக்கொள்வாராம். ஆயில்யத்தைப் பற்றி யார் யாரோ சொன்னதெல்லாம் வேண்டாத நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும்.

நாலாம் நாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு நார்மல் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். கொழுந்தியாள் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா கண்ணை மூடியபடியே, அவள் போய்விட்டாளா என்று கேட்டார். போய்விட்டாள் என்றேன். கண்ணைத் திறந்தார். நன்றாக, தெளிவாகத்தான் இருந்தது பார்வை. ஏன் இத்தனை நாளாக இப்படி மூடிக்கொண்டே கிடந்தீர்கள், அவள் பயந்தே போய்விட்டாளே என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"தொறந்தா அவ மூஞ்சிய அப்டிப் பாத்துடுவேன் தம்பி. காய்ச்சல் போவட்டும்னு இருந்தேன்," என்றார். தலையணையில் கையூன்றிக் கொஞ்சம் நிமிர்ந்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். "இப்ப விட்டுடுச்சில்ல? போயிக் கூப்பிடு. பாக்கணும்."